பால் கோட்டா நீக்கமும் ஐரோப்பியப் பால் விவசாயிகளும்: சீர்திருத்தத்தின் சுமை யார் மீது விழுந்தது?

கேள்வி: அருள்நிதி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வேளாண் பொருளியல் முதுகலை ஆய்வேட்டுக்காக, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கையில் 1984 முதல் இன்றுவரை நிகழ்ந்த மாற்றங்களைப் பால் துறையோடு பொருத்திப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு முரண்பாடு உறுத்துகிறது. 1992, 1999, 2003, 2008 என ஒவ்வொரு சீர்திருத்தமும், விவசாயி அரசின் கொள்முதலை நம்பாமல் சந்தையைப் பார்த்து உற்பத்தி செய்யட்டும் என்ற நோக்கத்தோடுதான் கொண்டுவரப்பட்டது. ஆனால் 2009-இல் பெல்ஜியத்தின் சினே நகருக்கு அருகே விவசாயிகள் தாங்கள் கறந்த பாலை வயல்களில் கொட்டினார்கள். 2015-இல் பிரஸ்ஸல்ஸ் வீதிகளை டிராக்டர்களால் அடைத்தார்கள். 2019-இல் நெதர்லாந்திலும், 2024-இல் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். சந்தையை நோக்கித் திருப்பப்பட்ட விவசாயி ஏன் திரும்பத் திரும்ப அரசின் வாசலிலேயே வந்து நிற்கிறார்?

குறிப்பாக, 2015 மார்ச் 31-ஆம் தேதியோடு பால் கோட்டா (ஒவ்வொரு நாடும் பண்ணையும் எவ்வளவு பால் விற்கலாம் என்ற வரம்பு) முடிவுக்கு வந்ததும், அடுத்த ஆண்டே பால் விலை வீழ்ந்ததும் காரணமும் விளைவும்தானா, அல்லது காலத்தால் அடுத்தடுத்து நேர்ந்தவையா என்பதை என்னால் உறுதியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விலை ஆதரவைக் குறைத்ததற்கு ஈடாகத் தரப்பட்ட நேரடி உதவித்தொகை உண்மையில் மாட்டைக் கறப்பவரைச் சென்றடைந்ததா என்பதும் எனக்குப் புரியவில்லை. இத்துறையை நெருக்கமாகக் கவனித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தணிகைவேல்

கோட்டா நீக்கத்தைப் பற்றிப் பேசுமுன், அது எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. பாலுக்கான பொதுச் சந்தை அமைப்பு 1968-இல் உருவானபோது, அரசு தந்த வாக்குறுதி மிக எளிமையானது. பாலைக் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. ஆனால் அதன் கொழுப்பை வெண்ணெயாகவும், கொழுப்பு நீங்கிய மீதியைப் பவுடராகவும் மாற்றினால் வைக்கலாம். ஆகவே இவ்விரண்டையும் நிர்ணயித்த விலையில், எவ்வளவு வந்தாலும் அரசே வாங்கிக்கொள்ளும் என்றார்கள். வெளிநாட்டுப் பொருள் மலிவாக உள்ளே வராதபடி இறக்குமதித் தீர்வையும், மிஞ்சியதை உலகச் சந்தையில் தள்ளிவிட ஏற்றுமதி மானியமும் இதற்குத் துணை நின்றன. எவ்வளவு உற்பத்தி செய்தாலும் வாங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்றால், எந்த விவசாயியும் மாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் செய்வார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. 1980-களின் நடுப்பகுதியில் அரசுக் கிடங்குகளில் இருந்த வெண்ணெய் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் ஒரு பகுதியைச் சோவியத் ஒன்றியத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்க நேர்ந்தது. வேளாண் கொள்கைக்கான மொத்தச் செலவில் கால் பங்குக்கும் மேல் பால் துறையே விழுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, உற்பத்தி தானாகக் குறையும் அளவுக்கு ஆதரவு விலையை வெட்டுவது. அதற்குத் துணியும் அமைச்சர் அன்று ஒருவரும் இல்லை. மற்றொன்று, விலையை அப்படியே விட்டுவிட்டு அளவுக்கு வரம்பு கட்டுவது. 1984 ஏப்ரலில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலான நாடுகளுக்கு 1981-இல் ஆலைகளுக்கு வந்த பாலோடு 1 சதவீதம் கூட்டியதே வரம்பாயிற்று. ஐந்தாண்டு ஏற்பாடு என்று தொடங்கியது முப்பத்தோராண்டு நீடித்தது.

கோட்டா ஒரு பண்ணைக்குள் எப்படி இயங்கியது என்பதை ஆய்வேட்டில் விரிவாகவே எழுதுங்கள் என்று பரிந்துரைப்பேன். ஏனெனில் கொள்கை ஆவணங்களில் அது தெரிவதில்லை. கோட்டா ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். நாடு வரம்பைத் தாண்டினால், தன் பங்கை மீறிய விவசாயி அபராதத் தீர்வை கட்ட வேண்டும். இறுதி ஆண்டுகளில் அது 100 கிலோவுக்கு 27.83 யூரோவாக இருந்தது. அதாவது விலை குறைந்திருந்த ஆண்டுகளில், மிகையாகக் கறந்த பாலுக்குக் கிடைத்ததைவிட அபராதமே அதிகம். எனவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாடுகளை முன்கூட்டியே வற்றவிடுவதும், ஆலைக்குப் போக வேண்டிய பாலைக் கன்றுகளுக்குப் புகட்டுவதும் பண்ணைகளில் வழக்கமாயின. அளவு மட்டுமல்ல, கொழுப்பும் கணக்கில் வந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அடிப்படைக் கொழுப்பு விகிதம் குறிக்கப்பட்டிருந்தது; பால் அதைவிடக் கெட்டியாக இருந்தால், அதே லிட்டர் கூடுதல் லிட்டராகக் கணக்கிடப்பட்டது. நல்ல தீவனம் போட்டு, நல்ல இனத்தை வளர்த்துக் கொழுப்பைக் கூட்டியவருக்கும் அபராதம் காத்திருந்தது என்பது இம்முறையின் விசித்திரங்களில் ஒன்று.

காலப்போக்கில் கோட்டாவே ஒரு சொத்தாக மாறியது. நெதர்லாந்தில் அதை விலைக்கு வாங்கவும் விற்கவும் முடிந்தது. பிரான்ஸில் அது நிலத்தோடு கட்டப்பட்டு, மாவட்ட நிர்வாகத்தின் வழியாக மறுபங்கீடு செய்யப்பட்டது. இத்தாலியில் அபராதம் கட்ட மறுத்த விவசாயிகளோடு அரசு பல்லாண்டுகள் போராடி, அந்தப் பாக்கியை வசூலிக்கத் தவறியதாக 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பையும் பெற்றது. ஒரே சட்டம், மூன்று வேறு பால் துறைகளை உருவாக்கியது. வாங்கி விற்க முடிந்த இடங்களில், புதிதாகப் பண்ணை தொடங்க விரும்பும் இளைஞர் மாடும் கொட்டகையும் வாங்குமுன் கறக்கும் உரிமைக்கே வங்கிக் கடன் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணமோ பெரும்பாலும் தொழிலைவிட்டு விலகுபவரின் கைக்குப் போனது.

என் பார்வையில், உண்மையான திருப்புமுனை 2015 அல்ல, 2003. அந்த ஆண்டு லக்சம்பர்க் உடன்பாட்டில்தான் வெண்ணெயின் ஆதரவு விலையைப் படிப்படியாக 25 சதவீதமும், பவுடரின் விலையை 15 சதவீதமும் குறைக்க முடிவாயிற்று. ஈடாக, கோட்டா வைத்திருந்தவர்களுக்கு டன்னுக்குச் சுமார் 35.5 யூரோ என்ற அளவுவரை உதவித்தொகை உயர்த்தப்பட்டு, பிறகு அது உற்பத்தியிலிருந்து துண்டிக்கப்பட்டது. மாடு கறந்தாலும் கறக்காவிட்டாலும் அந்தப் பணம் வரும் என்ற நிலை ஏற்பட்டபின், அரசின் நிதிக்குக் கோட்டா அவ்வளவு தேவைப்படவில்லை. 2008-இல் ஆண்டுக்கு 1 சதவீதம் என வரம்பைத் தளர்த்திக்கொண்டே போக முடிவெடுத்தது, ஏற்கெனவே உயிர் போய்விட்ட ஒன்றுக்கு நாள் குறித்ததுதான்.

பதில்: மலர்விழி

தணிகைவேல் ஐயா 2003-ஐத் திருப்புமுனை என்பதை ஏற்கிறேன். ஆனால் கோட்டாவை ஏற்கெனவே உயிர் போன ஒன்று என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இறுதி ஆண்டான 2014-15-இல்கூடப் பன்னிரண்டு உறுப்பு நாடுகள் வரம்பைத் தாண்டி, 80 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் செலுத்த வேண்டியிருந்தது. ஜெர்மனி, நெதர்லாந்து, அயர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் அந்த வேலி கடைசி நாள்வரை மாடுகளைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது. பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகள் தங்கள் வரம்பையே எட்டவில்லை என்பதால் ஒன்றியத்தின் மொத்தக் கணக்கில் அந்த அழுத்தம் தெரியாமல் போகிறது.

அருள்நிதி கேட்ட காரண விளைவுக் கேள்விக்கு வருகிறேன். 2014-இன் தொடக்கத்தில் ஒரு கிலோ பாலுக்கு ஒன்றியச் சராசரியாகச் சுமார் 40 சென்ட் கிடைத்தது; 2016 ஜூலையில் அது 26 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் சரிவு தொடங்கியது 2014-இலேயே, கோட்டா நடைமுறையில் இருந்தபோதே. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஐரோப்பிய உணவுப் பொருள்களின் இறக்குமதிக்கு ரஷ்யா தடை விதித்தது. ஐரோப்பாவின் சீஸ் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்லாந்து, லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா ஆகிய நாடுகளின் ஆலைகள் ஒரே வாரத்தில் தங்கள் முதன்மைச் சந்தையை இழந்தன. அதே காலத்தில், முந்தைய ஆண்டு மலை போலப் பால் பவுடர் வாங்கிக் குவித்த சீனா கொள்முதலைச் சுருக்கிக்கொண்டது. கோட்டா என்ற ஒன்றே இல்லாத நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் விலை விழுந்ததை, ஐரோப்பியக் கோட்டா நீக்கத்தின் மீது முழுமையாகச் சுமத்த முடியாது.

எனினும், கோட்டாவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீக்கம் 2008-லேயே உறுதிப்பட்டதால், விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே திட்டமிட்டார்கள். புதிய கொட்டகை கட்டினார்கள், கிடேரிகளை விற்காமல் வளர்த்தார்கள், கடனுக்குக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கிடேரிகள் சினைபிடித்துக் கன்று ஈன்று கறவைக்கு வந்த நேரம், உலகம் பால் வேண்டாம் என்று சொன்ன நேரமாக அமைந்துவிட்டது. பயிர்த்தொழிலில் ஒரு பருவத்தில் திருத்திக்கொள்ளக்கூடிய தவறான கணிப்பு, மாட்டுப் பண்ணையில் திருந்த மூன்று ஆண்டுகள் ஆகும். கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது, விலை குறைந்தால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று பாடநூல் சொல்வதற்கு மாறாக, அதே வருமானத்தை எட்டுவதற்காகவே மேலும் கறக்கிறார்கள்.

நான் மிகவும் குறைகாண்பது, மிச்சமிருந்த பாதுகாப்பு வலையின் வடிவமைப்பைத்தான். ஆதரவு விலை, பாலுக்குக் கணக்கிட்டால் கிலோவுக்கு 21, 22 சென்ட் அளவிலேயே நின்றுவிட்டது. பெரும்பாலான பண்ணைகளின் உற்பத்திச் செலவோடு ஒப்பிட்டால் அது கிணற்றின் அடியில் விரித்த வலை. ஆயினும் பவுடரை டன்னுக்கு 1,698 யூரோ என்ற நிலையான விலையில் வாங்கும் கதவு திறந்திருந்ததால், 2015 முதல் 2017 வரை 3.5 லட்சம் டன்னுக்கும் மேல் கிடங்குக்குப் போனது. பவுடருக்குக் காலம் கடந்தால் மதிப்புக் குறையும். கிடங்கில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த வாங்குபவர், புதுப் பவுடருக்கும் கூடுதல் விலை தரமாட்டார். ஆகவே விலையைத் தாங்கிப் பிடிக்க வாங்கியதே, அடுத்த இரண்டாண்டுகள் விலையை எழவிடாமல் அமுக்கியது. 2017-இல் வெண்ணெய் விலை டன்னுக்கு 6,000 யூரோவைத் தாண்டி வரலாறு காணாத உயரத்துக்குப் போக, அதே பாலின் மறுபாதியான பவுடர் தரையில் கிடந்த விந்தை இப்படித்தான் நிகழ்ந்தது. 2018-இல் நிலையான விலைக் கொள்முதலின் உச்சவரம்பைப் பூஜ்யமாக்கிய பிறகுதான் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இதிலிருந்து மீண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டாவை நீக்கி ஒன்றரை ஆண்டு முடிவதற்குள், 2016 ஜூலையில், குறைத்துக் கறக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 14 சென்ட் தருவதாக ஆணையம் அறிவித்து, அதற்கென 15 கோடி யூரோ ஒதுக்கியது. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் சுமார் 8 லட்சம் டன் குறைந்தது. வரம்பு கட்டுவது பழைய சிந்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களே, வரம்பு கட்டுவதற்குக் காசு கொடுத்தார்கள். ஐரோப்பியப் பால் வாரியம் என்ற விவசாயிகள் அமைப்பு, இதையே நிரந்தர நெருக்கடி ஏற்பாடாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. நானும் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

கேள்வியாளரின் தொடர்ச்சி: அருள்நிதி

இருவருக்கும் மிக்க நன்றி. வெண்ணெயும் பவுடரும் எதிரெதிர்த் திசையில் போனதை நான் கவனித்திருக்கவே இல்லை. இதோடு தொடர்புடைய ஒன்றைக் கேட்கிறேன். கோட்டா நீக்கத்துக்குப் பின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது சந்தை விலை மட்டும்தானா, அல்லது சுற்றுச்சூழல் விதிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டனவா? நெதர்லாந்தின் பாஸ்பேட் உரிமம் பற்றிப் படித்தேன். அது கோட்டாவின் மறுபிறவி போலத் தோன்றுகிறது. மேலும், உதவித்தொகை பற்றிய என் இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கிறது.

பதில்: வடகடலோரம்

நான் நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில் வசிக்கிறேன். பால் துறைக்கான இயந்திரப் பராமரிப்பில் பணியாற்றுவதால், பண்ணைகளுக்குள் போய்வரும் வாய்ப்பு உண்டு. பாஸ்பேட் உரிமம் கோட்டாவின் மறுபிறவி போலத் தோன்றுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தோன்றுவது என்ன, நடைமுறையில் அதுவேதான். கறக்கும் பாலை அளப்பதற்குப் பதிலாக, மாட்டின் பின்பக்கத்திலிருந்து வருவதை அளக்கிறார்கள் என்பதே வேறுபாடு.

நடந்தது இதுதான். கோட்டா நீங்கப்போகிறது என்பதால் இங்கே கறவை மாடுகளின் எண்ணிக்கை 16 லட்சத்துக்குக் கீழிருந்து, 2016-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. நிலமோ விரியவில்லை. ஐரோப்பிய நைட்ரேட் நெறிமுறைப்படி, ஒரு ஹெக்டேரில் இடக்கூடிய கால்நடை எருவின் நைட்ரஜன் 170 கிலோதான்; நெதர்லாந்து சிறப்பு அனுமதி பெற்று, புல்வெளி மிகுந்த பண்ணைகளில் 230, 250 கிலோவரை இட்டுவந்தது. அந்த அனுமதிக்கான நிபந்தனைகளில் ஒன்று, நாட்டின் மொத்தக் கால்நடைகள் வெளியிடும் பாஸ்பேட் ஆண்டுக்கு 17.29 கோடி கிலோவைத் தாண்டக் கூடாது என்பது. மாடுகள் பெருகியதும் அந்த வரம்பு உடைந்தது. அனுமதியே பறிபோய்விடும் என்ற அச்சத்தில், 2017-இல் ஆயிரக்கணக்கான மாடுகளை அவசர அவசரமாகக் குறைத்தார்கள்; 2018 ஜனவரியில் பாஸ்பேட் உரிமம் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூலை 2-ஆம் தேதி பண்ணையில் எத்தனை மாடுகள் இருந்தனவோ, அதுவே அடிப்படை; போதிய சொந்த நிலமில்லாத பண்ணைகளுக்கு அதிலும் 8.3 சதவீதம் வெட்டு.

இந்த ஒரு தேதி எத்தனை குடும்பங்களின் கணக்கைப் புரட்டியது என்பதை நேரில் கண்டிருக்கிறேன். ஒரு பண்ணையில், கோட்டா நீங்குவதை நம்பிக் கட்டிய புதிய கொட்டகையின் ஒரு பக்கம் முழுவதும் காலியாகக் கிடந்தது. தீவனத் தடுப்புகளில் பளபளப்பு மாறவில்லை, தரை ரப்பர் விரிப்புகளின் ஓரத்தில் உற்பத்தியாளரின் ஸ்டிக்கர்கூட உரியவில்லை. ஜூலை 2-இல் அந்த இடங்களை நிரப்ப வேண்டிய மாடுகள், இன்னும் கிடேரிகளாகவே இருந்தன. கிடேரிக்கு எண்ணப்படும் பாஸ்பேட், கறவை மாட்டுக்கு எண்ணப்படுவதைவிடக் குறைவு. கறவை மாடு ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ உரிமம் வேண்டும். சந்தையில் கிலோ 100 யூரோவுக்கு மேல் விற்ற காலத்தில், ஒரு மாட்டைக் கொட்டகையில் நிறுத்தும் உரிமைக்கே 4,000 யூரோவுக்கு மேல் தேவைப்பட்டது. மாட்டின் விலை அதற்கு வெளியே. உரிமம் கைமாறும்போது அரசு அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கடுத்து நைட்ரஜன் சிக்கல் வந்தது. 2019 மே மாதத்தில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் வெளியேற்றம் எதிர்காலத்தில் குறையும் என்று நம்பி இன்றே அனுமதி வழங்கிக்கொண்டிருந்த திட்டத்தைச் செல்லாது என்றது. இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்கு அருகிலுள்ள பண்ணைகளின் அம்மோனியா வெளியேற்றம் அரசியலின் மையத்துக்கு வந்தது. 2023 மாகாணத் தேர்தலில் விவசாயிகளின் கட்சி பெரு வெற்றி பெற்றதும் இதன் தொடர்ச்சியே. இதற்கிடையே, எருவுக்கான சிறப்பு அனுமதியைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவருவதாக 2022-இல் ஆணையம் தீர்மானித்தது. விளைவாக, முன்பு தன் வயலிலேயே இட்ட சாணக் குழம்பில் ஒரு பகுதியை, இப்போது லாரியில் ஏற்றிப் பணம் கொடுத்து அகற்ற வேண்டும். பால் விலை உயர்வில் கிடைத்ததை எரு அகற்றும் செலவு தின்றுவிடுகிறது என்று பண்ணையில் சலித்துக்கொள்வது, இங்கே அன்றாடப் பேச்சு.

இந்த விதிகளின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. நிலத்தடி நீரும் கால்வாய்களும் கெட்டது உண்மை. ஆனால் கோட்டா நீக்கத்தைத் தயாரித்தவர்களும் நைட்ரேட் விதிகளை நிர்வகித்தவர்களும் ஒரே தலைநகரில் இருந்துகொண்டு, ஒருவர் விரியுங்கள் என்றும் மற்றவர் சுருங்குங்கள் என்றும் ஒரே பத்தாண்டில் சொன்னதை விவசாயி எளிதில் மறக்கமாட்டார். டென்மார்க்கில் 2030 முதல் கால்நடைகள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களுக்கு, டன்னுக்கு 300 குரோனர் என்ற அளவில் தொடங்கும் வரி வரவிருக்கிறது. அதில் 60 சதவீதம் கழிவு உண்டு. குறைந்தபட்சம் அவர்கள் முன்னதாகவே தேதியையும் தொகையையும் சொல்லிவிட்டார்கள்.

பதில்: செந்தாமரை

உதவித்தொகை பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

2003-இல் பாலுக்கென்று தரப்பட்ட ஈடு, உற்பத்தியிலிருந்து துண்டிக்கப்பட்டதோடு நிற்கவில்லை. காலப்போக்கில் அது பால் விவசாயியிடமிருந்தே நழுவத் தொடங்கியது. தொடக்கத்தில், யார் எவ்வளவு கோட்டா வைத்திருந்தாரோ அதற்கேற்ப உரிமை. எனவே சிறிய நிலத்தில் நிறைய மாடு வளர்த்தவருக்கு ஹெக்டேருக்கு உயர்ந்த தொகை கிடைத்தது. ஒரே பகுதியில் ஹெக்டேருக்கு ஒரே தொகை என்ற கொள்கை வலுப்பெற, அந்த உயர்வு படிப்படியாகச் சமப்படுத்தப்பட்டது. ஜெர்மனி 2013-க்குள்ளும் நெதர்லாந்து 2019-க்குள்ளும் இதை முடித்தன. அதாவது பால் விலை வெட்டுக்கு ஈடாகத் தரப்பட்ட பணம், இறுதியில் நிலத்தின் மீது பரவி, தானியம் விளைவிப்பவருக்கும் போய்ச் சேர்ந்தது. குத்தகை நிலத்தில் மாடு வளர்ப்பவரின் நிலை இன்னும் மோசம். ஹெக்டேருக்கு உதவித்தொகை உண்டு என்றால், நில உரிமையாளர் குத்தகையை அதற்கேற்ப உயர்த்திக்கொள்கிறார். நேரடி உதவித்தொகையில் சுமார் 80 சதவீதம், பெறுவோரில் 20 சதவீதத்தினரிடம் சேர்கிறது என்று ஆணையமே ஒப்புக்கொண்டிருப்பதற்கு, நிலத்தின் அளவே அடிப்படையாக இருப்பதுதான் காரணம். உறுப்பு நாடுகள் விரும்பினால் கறவை மாட்டுக்கென்று தனியாக உதவி தரலாம் என்ற வாய்ப்பு இருக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, போலந்து போன்றவை அதைப் பயன்படுத்துகின்றன. 2023 முதல் நேரடி உதவியில் குறைந்தது கால் பங்கைச் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி வந்தபின், மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர் ஓரளவு மீட்டுக்கொள்ள வழி உண்டு. மாடுகளைக் கொட்டகைக்குள்ளேயே வைத்து வளர்ப்பவருக்கு அது கடினம்.

சீர்திருத்தத்தால் வென்றவர்கள் இல்லாமல் இல்லை. அயர்லாந்தைப் பாருங்கள். மாடுகள் பிப்ரவரி, மார்ச்சில் கன்று ஈன, புல் தழைக்கும் மே மாதத்தில் பால் உச்சத்தைத் தொடும்படி அமைந்த மலிவான உற்பத்தி முறை அது. கோட்டா அவர்களைத்தான் மிக இறுக்கமாகக் கட்டியிருந்தது. அது நீங்கியதும் உற்பத்தி 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்து, ஆண்டுக்கு 800 கோடி லிட்டரைத் தாண்டியது. அங்கே பல ஆலைகள் பாலுக்கு விலை கணக்கிடும் முறையே இதற்கு உதவியது. கொழுப்புக்குக் கிலோவுக்கு இவ்வளவு, புரதத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூட்டி, பாலின் நீரைச் சுமந்து வந்து ஆவியாக்கும் செலவுக்காக லிட்டருக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள். கோட்டா காலத்தில் கொழுப்பைக் கூட்டினால் அபராதம். இப்போது அதுவே வருமானம். ஆனால் மே மாத உச்சத்துக்கேற்பக் கட்டிய உலர்த்தும் கோபுரங்கள் குளிர்காலத்தில் ஓய்ந்து நிற்கின்றன. வேண்டாத காளைக் கன்றுகள் இளவயதிலேயே கப்பலேற்றப்படுகின்றன. 2024 முதல் பல பகுதிகளில் நைட்ரஜன் வரம்பு 250 கிலோவிலிருந்து 220 ஆகக் குறைக்கப்பட்டது.

மலர்விழி அவர்கள் வரம்பு கட்டுவதன் பக்கம் சாய்வதாக எழுதினார்கள். ஒன்றிய அளவில் அது இயலும் என்று நான் நம்பவில்லை; விரிய விரும்பும் நாடுகள் ஒருபோதும் இசையமாட்டா. ஆனால் சிறிய அளவில் அது சட்டப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2012-இல் வந்த பால் தொகுப்புச் சட்டம், எழுத்துவடிவ ஒப்பந்தத்துக்கும் உற்பத்தியாளர் குழுக்கள் கூட்டாக விலை பேசுவதற்கும் வழிசெய்ததோடு, புவிசார் பெயர் பெற்ற சீஸ்களின் அளவை உற்பத்தியாளர்களே கட்டுப்படுத்தவும் அனுமதித்தது. பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியின் கோம்தே சீஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே மோன்பெலியார், சிமெண்டல் ஆகிய இரு இனங்களின் பால்தான் செல்லும். புளிக்கவைத்த பசுந்தீவனத்துக்கு இடமில்லை, பச்சைப் புல்லும் உலர்த்திய புல்லும்தான். கிராமக் கூட்டுறவு ஆலைகள் அருகிலுள்ள பண்ணைகளிலிருந்தே பாலைப் பெற வேண்டும். சீஸ் குறைந்தது 120 நாள் முதிர வேண்டும். ஆண்டுக்கு எத்தனை டன் சந்தைக்கு வரலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். 2015-16 நெருக்கடியிலும் அந்தப் பகுதிப் பாலின் விலை, சாதாரணப் பாலின் விலையைவிடத் தெளிவாக உயர்ந்தே நின்றது. ஆனால் பவுடர் ஆலைக்குப் பால் ஊற்றும் வட ஜெர்மனிப் பண்ணைக்கு இந்தக் கதவு திறக்காது. அவர் விற்பதை உலகில் யார் வேண்டுமானாலும் உற்பத்தி செய்ய முடியும்.

இன்னொன்று. நேரடி உதவித்தொகை வணிகத்தைச் சிதைக்காது என்ற அடிப்படையில்தான் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பா அதைக் காத்துவந்தது. 2024 ஆகஸ்ட்டில் சீனா, ஐரோப்பியப் பால் பொருள்களின் மீது மானிய எதிர்ப்பு விசாரணையைத் தொடங்கியபோது, பொது வேளாண் கொள்கையின் உதவிகளையே குறிவைத்தது. சீர்திருத்தத்தின் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை.

பதில்: தணிகைவேல்

அருள்நிதிக்கு நடைமுறை சார்ந்த இரு சொற்கள். பண்ணைகளின் எண்ணிக்கை குறைந்ததைக் கோட்டா நீக்கத்தின் விளைவாக எழுதிவிடாதீர்கள். ஜெர்மனியில் 2014-இல் 75,000-க்கு மேலிருந்த பால் பண்ணைகள் 2023-இல் சுமார் 50,000 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆனால் கோட்டா நடைமுறையில் இருந்த முப்பதாண்டுகளில், அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பண்ணைகள் மறைந்துவிட்டன. சிறிய பண்ணையைக் கோட்டா காப்பாற்றியது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண்கள் அதற்குத் துணை நிற்கவில்லை.

இரண்டாவதாக, நாடுகளுக்கிடையே பால் விலையை அப்படியே ஒப்பிட வேண்டாம். நெதர்லாந்தின் பால் பிரான்ஸின் பாலைவிடக் கொழுப்பு மிகுந்தது. ஒரே அளவு கொழுப்புக்கும் புரதத்துக்கும் திருத்திய விலையை எடுங்கள். அதோடு விலையைவிட, தீவனம், எரிபொருள், கூலி கழித்த மிச்சத்தைப் பாருங்கள். 2022 இறுதியில் கிலோவுக்கு 50 சென்ட்டைத் தாண்டிய விலையைக் கொண்டாட்டமாக எழுதியவர்கள், அதே ஆண்டு உக்ரைன் போரால் உரமும் தீவனமும் எங்கே போய் நின்றன என்பதைப் பெரும்பாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் பால் சந்தைக் கண்காணிப்பகம் 2014 முதல் விலைகளை முறையாக வெளியிடுகிறது. பண்ணைக் கணக்குகளின் மாதிரித் தரவுகளும் கிடைக்கின்றன. அவற்றில் மலைப்பகுதிப் பண்ணைகளைத் தனியே பிரித்தெடுத்துத் தொடங்கினால், உதவித்தொகை யாரைச் சென்றடைந்தது என்ற உங்கள் கேள்விக்கு முதல் அட்டவணையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.